ஓலீட்டாவின் பேய் வண்டி

லாரல் ஃபோர்க், டென்னசி
17 அக்டோபர் 1993

அன்புள்ள ரோவீனா சித்திக்கு,

உங்கள் தோள்வலி குறைந்ததா? தொழிற்சாலையில் இன்னும் இரவு முறைதானா? நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்றால், சாப்பிடுகிறோம், அப்பா மர அறுப்பு ஆலைக்குப் போகிறார், நான் பள்ளிக்குப் போகிறேன். புகையிலை முழுவதையும் வெட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டாயிற்று. கடைசி வண்டிக்கு நானும் அப்பாவோடு போயிருந்தேன்.

ஊரில் ஒரு செய்தி. சட்டைத் தொழிற்சாலையில் தைக்கும் ஓலீட்டா அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். என் அம்மா இறந்தபோது நம் வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர். போன செவ்வாய்க்கிழமை மாலை, ஆலை வளைவில் அவருடைய கார் ஓடைக்குள் இறங்கிவிட்டது. நன்றாக இருட்டிய பிறகுதான் பால் வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். அதுவரை தண்ணீரில் கிடந்திருக்கிறார். வலது கால் முறிந்துவிட்டது. எதிரே ஒரு வண்டி தன் பக்கத்துக்கே வந்தது, அதற்கு ஒதுங்கித்தான் விழுந்தேன் என்கிறார். காரில் இடித்த தடம் எதுவும் இல்லை. அதனால் யாரும் நம்பவில்லை. வேலைக் களைப்பில் தூங்கியிருப்பார் என்கிறார்கள்.

சித்தி, பள்ளியில் வண்டி ஓட்டும் வகுப்பு தொடங்கிவிட்டது. அதற்காக ஒன்று கேட்கிறேன். காப்பீடு இல்லாத ஒருவரால் இன்னொருவருக்கு அடிபட்டால், மருத்துவச் செலவை யார் கொடுப்பார்கள்? காப்பீடு இல்லாதவரை என்ன செய்வார்கள்?

பதிலைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். தொலைபேசி அடுப்படிச் சுவரில் இருக்கிறது, அப்பா அதன் கீழேதான் உட்கார்ந்திருப்பார். கடிதமே போடுங்கள். பள்ளிப் பேருந்து நம் தபால் பெட்டி அருகில்தான் நிற்கும். பெட்டியை நான்தான் முதலில் திறப்பேன்.

தோளுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

அன்புடன்,
ட்ரெசா

---

டேட்டன், ஒஹாயோ
29 அக்டோபர் 1993

கண்ணு ட்ரெசா,

தோள் பரவாயில்லை. நீ கேட்டதாலேயே பாதி வலி போய்விட்டது என்று வைத்துக்கொள். ஓலீட்டாவுக்கு நடந்ததைக் கேட்டு மனசு சரியில்லை. நான் கேட்டதாகச் சொல்.

உன் கேள்விக்கு என்னிடம் சொந்த அனுபவமே இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பையன் வந்து இடித்தான். அவனிடம் காப்பீடும் இல்லை, காசும் இல்லை. இருந்தது அழுகை மட்டும்தான். வழக்குப் போட்டாலும் காலிப் பையிலிருந்து என்ன எடுப்பது? எனக்குக் கழுத்துக்கு வைத்தியம் பார்த்தது என்னுடைய சொந்தக் காப்பீடு. காப்பீடு இல்லாதவன் நம்மை இடித்தால் நம் நிறுவனமே நமக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பகுதி அதில் உண்டு. அதற்கென்று தனியாகக் கொஞ்சம் கட்ட வேண்டும். பலர் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். ஓலீட்டா கட்டியிருந்தால் பிழைத்தாள்.

காப்பீடு இல்லாதவனுக்கு ஓட்டுநர் உரிமம் போகும். கடனும் தலையில் ஏறும்.

நீ எதையோ விட்டுவிட்டு எழுதியிருக்கிறாய். உன் அம்மாவும் இப்படித்தான் செய்வாள். அப்பா எப்படி இருக்கிறார்? வண்டி நன்றாக ஓடுகிறதா?

முத்தங்களுடன்,
சித்தி

---

லாரல் ஃபோர்க்
7 நவம்பர் 1993

அன்புள்ள சித்திக்கு,

உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும். எனக்குத் தூக்கம் வருவதில்லை. மற்றபடி சுகம்.

இதைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்படி விளக்கைப் போட்டால் அப்பா அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் போகும். அவர் இருமினால் நிறுத்திவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அந்த வண்டி எங்களுடையதுதான்.

ஆலை வளைவில் எதிரே வருவது தெரியாது. அதனால் எல்லோரும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். பதில் ஹாரன் வராவிட்டால் பாதை காலி என்று அர்த்தம், நடுவிலேயே ஓட்டுவார்கள். ஊர் முழுக்க அப்படித்தான். எங்கள் பிக்கப் வண்டியில் கோடையிலிருந்தே ஹாரன் இல்லை. ஓலீட்டா அம்மா அடித்தது எனக்குக் கேட்டது. ஒரு தடவை, பிறகு நீளமாக இன்னொரு தடவை. பின்னால் புகையிலைக் கம்புகள் கடகடத்ததில் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நான் சொல்வதற்குள் வளைவு வந்துவிட்டது. நாங்கள் பதில் தரவில்லை, அவர் பாதை காலி என்று வந்துவிட்டார். திரும்பியதும் அவருடைய விளக்குகள் நேரே எங்கள் முகத்தில். அப்பா வண்டியை ஒடித்தார். அவரும் ஒடித்தார். உரசக்கூட இல்லை.

நான் நிறுத்தச் சொன்னேன். அப்பா கண்ணாடியில் பார்த்தார். "ஒண்ணும் ஆகல புள்ள, ஒதுங்கிப் போயிட்டாங்க" என்றார். நிறுத்தவில்லை. மறுநாள் மாலை ஆலையில் செய்தி கேட்டுவிட்டு வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வருவதில்லை.

வண்டிக்குக் காப்பீடு இல்லை, சித்தி. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோது நின்றது நின்றதுதான்.

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

ட்ரெசா

---

லாரல் ஃபோர்க்
21 நவம்பர் 1993

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் வரவில்லை. தினமும் பெட்டியைத் திறக்கிறேன், விதை விளம்பரம்தான் இருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்தக் காப்பீட்டை ஓலீட்டா அம்மா கட்டியிருக்கிறார். வருஷக்கணக்காக விடாமல் கட்டியிருக்கிறார். தொழிற்சாலையில் உடன் தைக்கிறவர்கள், "அடுத்தவன் கட்டாததுக்கு நீ ஏன் கட்டற?" என்று கேலி செய்வார்களாம். "அடுத்தவன் கட்டமாட்டான்னு தெரிஞ்சுதான்" என்பாராம் இவர்.

ஆனால் பணம் வராது போலிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்து ஆள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தாராம். இன்னொரு வண்டி இடித்திருந்தால் தடம் இருக்கும். இடிக்காமல் ஒதுங்க வைத்தது என்றால், காருக்கு வெளியே இருந்த யாராவது பார்த்ததாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தூங்கிப்போய்ப் பள்ளத்தில் விழுகிறவர்கள் எல்லோரும் ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்வார்களே என்றாராம். வண்டி ஓட்டும் வகுப்பு ஆசிரியரிடமும் கேட்டேன். சட்டம் அப்படித்தான் என்றார். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

பள்ளியில் பையன்கள் அதற்கு ஓலீட்டாவின் பேய் வண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேருந்து அந்த வளைவில் திரும்பும்போது ஊளையிடுகிறார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஓலீட்டா அம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் யாரோ விடிவதற்கு முன் விறகு அடுக்கிவிட்டுப் போகிறார்களாம். "என் பேய் விறகெல்லாம் வெட்டுது" என்று அவரே கோயிலில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கோடாலி ஈரமாக இருந்ததைக் காலையில் பார்த்திருந்தேன்.

அப்பாவைத் தவிர, காருக்கு வெளியே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். எழுதுங்கள்.

ட்ரெசா

---

டேட்டன்
2 டிசம்பர் 1993

கண்ணு ட்ரெசா,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. இரண்டு கடிதமும் வந்தன. தொழிற்சாலையில் கூடுதல் நேரம் போட்டதால் உடனே எழுத முடியவில்லை. இதோடு ஒரு ஜோடி கையுறை வைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்த பச்சை. கிறிஸ்துமஸுக்கு ஆப்பிள் அடுக்குக் கேக் செய்வாயா? உன் அம்மாவின் செய்முறை என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன்.

அவசரப்படாதே. ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. காத்திரு. ஓலீட்டாவுக்கு வேறு வழி ஏதாவது பிறக்கும். பெரியவர்கள் விஷயம் பெரியவர்களோடு போகட்டும். நன்றாகச் சாப்பிடு, கழுத்தை மூடிக்கொண்டு போ.

சித்தி

---

லாரல் ஃபோர்க்
9 டிசம்பர் 1993

அன்புள்ள சித்திக்கு,

கையுறை சரியாக இருக்கிறது. நன்றி. கேக் செய்முறை எனக்குத் தெரியும்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

ஓலீட்டா அம்மாவின் எலும்பு கோணலாகக் கூடிக்கொண்டிருக்கிறதாம். நாக்ஸ்வில் டாக்டர் பிப்ரவரிக்குள் மறுபடி அறுத்து நேராக்கினால்தான் உண்டு, பிறகு முடியாது என்கிறார். யார் பணம் கொடுப்பார்கள் என்று தெரியாமல் ஆஸ்பத்திரி நாள் குறிக்காது. அவர் தையல் இயந்திரத்தை மிதிப்பது வலது காலால். அந்தக் கால் சரியாகாவிட்டால் வேலை இல்லை. வேறு வழி எங்கே பிறக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா என்று பயம். அப்பா என்னோடு பேசாமல் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம். ஆனால் பேருந்தில் பையன்கள் ஊளையிடும்போது பேசாமல் உட்கார்ந்திருப்பதும் நான்தானே. அதுவும் ஒரு பொய்தான். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை சொல்கிறேன், போகும்போதும் வரும்போதும்.

நேற்று அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். ஓலீட்டா அம்மா என்று பெயரைச் சொன்னதுமே, "பீன்ஸ் ஆறுது, சாப்பிடு" என்றார்.

நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் சொல்லப் போகிறேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

ட்ரெசா

---

டேட்டன்
28 டிசம்பர் 1993

அன்பு ட்ரெசா,

நான் சுகமாக இல்லை, கண்ணு. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன்.

நான் ஏன் மழுப்பினேன் தெரியுமா? உன் அப்பா டெல்மர் உள்ளே போனால் நீ என்னிடம் வருவாய். எனக்கு இருப்பது ஒரே அறை, இரவு வேலை. உன்னை எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று பயந்தேன். அதோடு, நீ வந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டேன். உன் அப்பாவுக்குக் கெடுதல் வந்தால்தான் நிறைவேறும் ஆசை. அப்படி ஒரு ஆசையை வைத்துக்கொண்டு உனக்கு எப்படி வழி சொல்வது?

இங்கே தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருத்தியிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். உரிமம் நிச்சயம் போகுமாம். ஓலீட்டாவுக்குக் கொடுத்ததை அவளுடைய காப்பீட்டு நிறுவனம் பிறகு டெல்மரிடம் கேட்கலாமாம். சிறையா என்றால், அவளுக்கே தெரியவில்லை. அங்கே உள்ள நீதிபதியைப் பொறுத்தது என்றாள். ஆனால் நீ சாட்சி சொன்னால் ஓலீட்டாவுக்குப் பணம் உடனே கிடைக்கும். டெல்மரிடம் இருந்தால்தான் கிடைக்கும் என்பது இல்லை. அதற்காகத்தானே அவள் இத்தனை வருஷம் கட்டினாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதலில் அப்பாவிடம் சொல்லிவிடு. முதுகுக்குப் பின்னால் வேண்டாம். என்ன ஆனாலும் பேருந்து ஏறி வந்துவிடுவேன்.

உன்,
சித்தி

---

லாரல் ஃபோர்க்
16 ஜனவரி 1994

அன்புள்ள சித்திக்கு,

கிழித்ததற்குப் பதில் அந்த மூன்றையும் அனுப்பியிருக்கலாம். இங்கே உறைபனி. குழாய் உடையாமலிருக்கத் தண்ணீரைச் சொட்டவிட்டிருக்கிறோம். இருவருக்கும் சளி, காய்ச்சல் இல்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொட்டகையில் புகையிலை இலை உருவிக்கொண்டிருந்தோம். கை வேலையாக இருந்ததால் அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது. ஓலீட்டா அம்மா ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது, நான் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன்.

அவர் கையிலிருந்த இலைக் கட்டைக் கட்டி முடித்தார். பிறகு கேட்டார், "ஹாரன் அடிச்சாங்களா?"

அடுத்த இலைகளை உருவிக்கொண்டே, "நான் கண்ணாடியில பாத்தேன், புள்ள. ரோடு காலியா இருந்துச்சு. காலியா இருந்தா அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அப்படி நெனைக்கத்தான் ஆசையா இருந்துச்சு" என்றார். உரிமம் போனால் ஆலை வேலையும் போகலாம் என்றார். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு கோயிலில் கால் கழுவும் நாள், இயேசு சீடர்களுக்குக் கழுவியதுபோல். பெண்கள் பக்கத்தில் சிறியவர்கள் பெரியவர்களுக்குக் கழுவ வேண்டும். ஓலீட்டா அம்மாவுக்கு நான் கழுவுகிறேன் என்று போதகர் மனைவியிடம் பெயர் கொடுத்துவிட்டேன். இனிப் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் கொடுத்தேன்.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

ட்ரெசா

---

லாரல் ஃபோர்க்
31 ஜனவரி 1994

அன்புள்ள சித்திக்கு,

உங்களுக்குச் சளி பிடித்திருக்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் பேருந்தில் வர வேண்டியிருக்கும். இப்போதே வேண்டாம். நான் சொல்லும்போது.

இதை அடுப்படி மேசையில் எழுதுகிறேன், விளக்கைப் போட்டுக்கொண்டு.

நேற்று அப்பா கோயிலுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. சவரம் செய்துகொண்டு வண்டியில் காத்திருந்தார். உள்ளே ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரோ அவரை முன்னால் இழுத்துப் போய்க் காலணியைக் கழற்றச் சொன்னார்கள்.

நான் தண்ணீர்ப் பாத்திரத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு ஓலீட்டா அம்மா முன் மண்டியிட்டேன். வலது கால் கட்டுக்குள் இருந்தது. "ஒரு கால்தான்டி இருக்கு. பாதி வேலை உனக்கு மிச்சம்" என்றார். இடது காலைத் தண்ணீரில் வைத்தேன். பாட்டு நடந்துகொண்டிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னேன்.

"நீங்க தூங்கல. வண்டி வந்துச்சு. நான் அதுல இருந்தேன்."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "நான் எத்தன தடவ ஹாரன் அடிச்சேன்?"

"ரெண்டு. ரெண்டாவது நீளமா."

அவர் கால் விரல்கள் என் கைக்குள் மடங்கின. அவ்வளவுதான். அழவில்லை, அடிக்கவில்லை. "நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன். தூங்கித்தான் போனேனோன்னு" என்றார். பிறகு, "தண்ணி ஆறுது. கழுவி முடி" என்றார். கழுவினேன். துடைத்தேன். அதற்கப்புறம்தான் கேட்டார், "யாரு வண்டி?"

எல்லாம் தயாராக வைத்திருந்தேன், அந்த ஒரு பெயர் மட்டும் வரவில்லை. திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தேன்.

அப்பா எழுந்து நின்றிருந்தார். கால் கழுவும்போது ஆண்கள் யாரும் பெண்கள் பக்கம் வரமாட்டார்கள். அவர் வந்தார். வெறுங்காலோடு, தரையெல்லாம் ஈரத்தடமாக. பாடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"என் வண்டிதான், ஓலீட்டா. நான் நிறுத்தல" என்றார்.

ஓலீட்டா அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ விறகும் நீதானா?"

அப்பா தலையாட்டினார்.

"ஈர விறகு, டெல்மர். புகைதான் வருது."

யாரும் சிரிக்கவில்லை. அப்பாதான் முகத்தை மூடிக்கொண்டார். ஓலீட்டா அம்மா, "நாளைக்கு ரெண்டு பேரும் என்கூட அந்த இன்சூரன்ஸ் ஆள்கிட்ட வரணும். மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல என் கால்" என்றார்.

இன்று போனோம். முதலில் நான் சொன்னேன். பிறகு அப்பா சொன்னார். அங்கிருந்து ஷெரிப் போலீஸ் அலுவலகத்துக்கு அவரே போனார். மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றம் மார்ச்சில். இப்போது உள்ளே தூங்குகிறார். இருமவில்லை.

உங்கள்,
ட்ரெசா

---

லாரல் ஃபோர்க்
20 மார்ச் 1994

ரோவீனாவுக்கு,

டெல்மர் எழுதுவது. நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ட்ரெசா எழுதச் சொன்னாள்.

நீதிமன்றம் முடிந்தது. சிறை இல்லை. ஒரு வருஷத்துக்கு உரிமம் இல்லை. ஓலீட்டாவின் நிறுவனம் அவளுக்குக் கொடுத்ததை என்னிடம் கேட்டு எழுதியிருக்கிறது. மாதாமாதம் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கட்டி முடிக்க நான் கிழவனாகிவிடுவேன், பரவாயில்லை. அவள் என்னை மட்டும் நம்பியிருந்தால் இந்நேரம் கோணல் காலோடு உட்கார்ந்திருப்பாள். பிப்ரவரியில் அறுவை நடந்தது. எலும்பு நேராக இருக்கிறதாம். கோடையில் இயந்திரத்தில் உட்கார விடுவதாகத் தொழிற்சாலையில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆலை வேலை போகவில்லை. நடந்தே போகிறேன். ஓலீட்டா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாழ்வாரத்திலிருந்து, "பேய்க்குக் கால் முளைச்சிருச்சு பாருங்கடா" என்று கத்துகிறாள். காய்ந்த விறகாகக் கொண்டுபோய்ப் போடுகிறேன். மன்னித்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ ஐந்து மாதம் என் மகளுக்குப் பதில் எழுதினாய். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். இதற்கு நன்றி என்று எழுதினால் போதுமா தெரியவில்லை.

மே மாதம் அவளுக்குப் பதினாறு. அவள் ஓட்டுவதற்காக பிக்கப்புக்குக் காப்பீடு எடுக்கப் போனோம். அங்கிருந்தவர், காப்பீடு இல்லாதவர்கள் இடித்தால் கிடைக்கும் பகுதி கட்டாயமில்லை, வேண்டாமென்று கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் மிச்சமாகும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார். ட்ரெசா அதை வாங்கி மூடி அவர் மேசையிலேயே வைத்துவிட்டாள். "அதுதான் முதல்ல வேணும். எங்கப்பா மாதிரி ஆளுங்க நிறைய பேர் ரோட்டுல இருக்காங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

ஹாரனைச் சரி செய்துவிட்டேன். ஆலை வளைவு வந்ததும் இரண்டு தடவை அடிக்கப் போகிறாளாம், இரண்டாவது நீளமாக. பதில் வராவிட்டால் நின்றுவிடுவாளாம்.

கோடையில் வா. அவளே பேருந்து நிலையத்துக்கு வந்து உன்னைக் கூட்டி வருவாள்.

டெல்மர்